மலையும் மெய்யும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பாலக்காட்டில் இரயில்வே அலுவலகப் பதிவேடுகளை எழுதிக் காலந்தள்ளும் எம்மையும் இம்மேடையில் ஏற்றிய செயற்குழுவினர்க்கு நன்றி. இரயிலே எட்டிப் பாராத பள்ளிவாசலிற் பிறந்துவிட்டு இரயில்வேயில் எப்படிப் புகுந்தீர் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. இம்மலையிலும் ஒரு காலத்தில் இரயில் ஓடிற்று என்பதே அவர்கட்கு நாம் கூறும் விடை. 1902ஆம் ஆண்டு மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது; 1908இல் அது சிறு இரயிலாக மாறிற்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை வாரிக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால், 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று மலையாள நாட்டார் இன்றும் அதனைக் குறிப்பிடுவர். அதன்பின் இம்மலையில் தண்டவாளம் இடுவார் எவரும் இலர்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் 'மலையும் மெய்யும்' என்பது. மலை பேசுவதையும் நம் உடம்பு பேசுவதையும் கேட்கப் பழகுதல் ஓர் அறம், ஒரு வழிபாடு என்பதே நாம் சொல்ல விரும்புவது. இக்கருத்து எமக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. ஓர் இழப்பிலிருந்து வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

மெய் என்னும் சொல்

நம் மொழியில் உடம்பிற்கு மெய் என்று பெயர். உண்மைக்கும் மெய் என்றே பெயர். எழுத்துகளுள்ளும் உயிர் உண்டு, மெய் உண்டு, இரண்டும் கூடிய உயிர்மெய் உண்டு. அரிச்சுவடி படிக்கும் குழந்தைக்கே உயிரும் உடம்பும் கூடி இயங்குதலைக் காட்டிவிடும் மொழி நம்முடையது. உடம்பைப் பொய் என்றும் புழுக்கூடு என்றும் பழித்த பாடல்களும் நம்மிடம் நிரம்ப உள்ளன. ஆயினும் திருமூலர் முதலில் அவ்வாறே எண்ணியிருந்து, பின்னர் இறைவன் உறையும் இடம் இதுவே எனக் கண்டு உடம்பைப் பேணத் தொடங்கியதாகத் தம் வாக்காலேயே கூறுகின்றார். தம் நூலின் மூன்றாம் தந்திரம் முழுவதையும் யோகத்திற்கென அவர் ஒதுக்கினார்.

கேட்டல் என்பதும் நம் முன்னோர் பெரிதும் போற்றிய செயல். வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்தார். 'மருந்து' என்னும் அதிகாரத்திலோ, முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பானுக்கு மருந்தே வேண்டாம் என்னும் கருத்தை வைத்தார். செரித்ததா இல்லையா என்பதை யாரிடம் கேட்டு அறிவது? வயிற்றையன்றோ கேட்க வேண்டும்! ஆசிரியர் சொல்லைக் கேட்பது போலவே தன் வயிற்றின் சொல்லையும் ஒருவன் கேட்டாக வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

மலை ஏறும்போது

ஆண்டுதோறும் இவ்விழாவிற்காகப் பாலக்காட்டிலிருந்து பேருந்தில் வருகின்றோம். பொள்ளாச்சியும் உடுமலையும் கடந்து சின்னாற்றை அடையும்போது வறண்ட முட்காடு, காற்றில் வெப்பம், நா உலர்கின்றது. மறையூரில் கரும்புச்சாறு காய்ச்சும் மணம் வந்ததும் பசி எழுகின்றது. அதற்கு மேல் வளைவு வளைவாக ஏற, காது அடைத்துத் திறக்கின்றது. மூச்சு சற்றே ஆழ்கின்றது. ஆனைமுடியின் பக்கம் மூடுபனி தழுவியதும் தோளில் மயிர் சிலிர்க்கின்றது. மைல்கல்லைப் பாராமலே எவ்விடத்தை அடைந்தோம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் கூறிவிடலாம். நாம் வேண்டாமலே மெய் அதனை அறிந்து வைத்திருக்கின்றது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் தோன்றுவனவற்றைக் கருப்பொருள் என்றார். அக்கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வத்தைத் தலையில் வைத்து, அதற்கு அடுத்தபடியே உணவை வைத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் பண்ணும் அவற்றின்பின் வருகின்றன. தெய்வம் ஒரு வரிசையிலும் சோறு வேறு வரிசையிலும் இல்லை என்பதைக் கருதுங்கள். குறிஞ்சிக்குச் சேயோன் தெய்வம். அவன் இம்மலைக்கு வெளியிலிருந்து வந்து அமர்ந்தவன் அல்லன். தினையோடும் வேங்கையோடும் மயிலோடும் கூட இம்மண்ணிலேயே கருக்கொண்டவன்.

இங்குள்ள முதுவர் என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகக் கதை கூறுவர். அவர்களும் ஒரு வகையில் நம்மைப் போலப் பெயர்ந்து வந்தவர்களே. குறிஞ்சி பூத்த முறையைக் கொண்டு தம் அகவையைக் கணக்கிடும் வழக்கம் மலைவாழ் மக்களிடம் இருந்ததுண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டிற்கு ஒருமுறை பூக்கும். பூத்து விதை உதிர்த்தபின் அச்செடி மடியும். 1994, 2006, 2018 என அது பூத்த ஆண்டுகளை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். இவ்வாறு எண்ணிப் பார்த்தால் ஒரு மனித வாழ்விற்கு ஆறு பூப்போ ஏழு பூப்போதான். அலுவலகத்தில் நாள்தோறும் நிமிடக் கணக்கெழுதும் எமக்கு இந்தக் கணக்கு வேறொரு பாடம் கற்பிக்கின்றது.

திருவண்ணாமலைக்கு 1896ஆம் ஆண்டு வந்த இரமணர், 1950இல் மறையுந்துணையும் அம்மலையை விட்டு அகலவில்லை. இன்றோ உலகம் முழுவதும் இதனைப் புதுச் செய்தியாகப் பேசுகின்றது. ஜப்பானிய வனத்துறையினர் காட்டினுள் அமைதியாக நடந்து திரிதலுக்கு 1982ஆம் ஆண்டு 'வனக் குளியல்' என்று பெயரிட்டனர். அமெரிக்க அறிஞர் ரோஜர் உல்ரிச் 1984இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்றும், வலி போக்கும் கடுமருந்து அவர்கட்குக் குறைவாகவே தேவைப்பட்டது என்றும் அதில் அவர் எழுதினார்.

இம்மலையைக் காணத் தொலைவிலிருந்து செல்வர்கள் வருகின்றனர். பணங்கொடுத்துத் தங்கி, பனியைப் பார்த்து, மன அமைதி பெற்றதாகக் கூறிச் செல்கின்றனர். அவர்கள் மேல் நமக்குக் குறையில்லை. ஆனால் அம்மலையிலேயே நாள்முழுதும் நிற்கும் நம் தாய்மார்களுக்கு ஏன் அவ்வமைதி வாய்க்கவில்லை? மரத்தைக் கண்டால் நோய் தணியும் என்பது மெய்யாயின், இவர்கள் நோயற்றவர்களாக அன்றோ இருத்தல் வேண்டும்? இந்த வினாவிற்கு விடை கூறாமல் இயற்கையின் அருமையைப் பேசுவது அரைப்பேச்சே ஆகும்.

எங்கள் அன்னையார்

இங்கே எங்கள் அன்னையாரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விடை தாருங்கள். இங்குள்ள லயத்தில்தான் நாங்கள் பிறந்தோம். அன்னையார் 38 ஆண்டுகள் கொழுந்து பறித்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்னும் அளவு அவர் கண்ணில் இல்லை, விரலில் இருந்தது. இருட்டிலும் அவ்விரல்கள் முற்றிய இலையை விலக்கிவிடும். அவர் எழுத்தறியாதவர். ஆயினும் மலையை அவர் படித்திருந்தார்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளம் முழுவதும் வெள்ளத்தில் தத்தளித்ததை நீங்கள் அறிவீர்கள். அப்போது விடுப்பில் வந்து இங்கே அகப்பட்டுக்கொண்டிருந்தோம். வீட்டின் பின்புறத்து ஓடை மூன்று நாளாக முழங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை, அடுப்பின் முன் அமர்ந்திருந்த அன்னையார் திடீரென்று கையை நிறுத்தினார்.

"மழை குறையவே இல்லையே, ஓடை மட்டும் ஏன் அடங்கிப் போயிற்று?" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமற் போனதைத்தான் அவர் கேட்டிருக்கின்றார்! உடனே எழுந்து, அக்கம்பக்கத்து மூன்று குடும்பங்களையும் எழுப்பி, மேட்டின்மேல் உள்ள உறவினர் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். போர்வை எடுக்கவும் விடவில்லை. மறுநாட் காலையில் வந்து பார்த்தபோது, மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் செம்மண்ணும் பாறையும் கிடந்தன. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை மறித்திருக்கின்றது. நீர் அதன்பின் தேங்கி, பிறகு உடைத்துக்கொண்டு பாய்ந்திருக்கின்றது. கொட்டும் மழையில் ஓடை திடீரென வற்றுவதும் கலங்குவதும், நிலத்திற் புதுப்பிளவு தோன்றுவதும், மரங்கள் சாய்வதும் மலைச்சரிவின் முன்னறிகுறிகள் என்று நிலவியலார் எழுதியிருப்பதைப் பின்னரே படித்தோம். அன்னையார் அவற்றைக் காதினாலேயே கற்றிருந்தார்.

ஆனால் அவையோரே, அதே அன்னையார் தம் மெய் கூறியதைக் கேட்கவில்லை. 38 ஆண்டுகள் ஒரே மூச்சில் ஏறிய ஏற்றத்தில், அந்த ஆண்டு மும்முறை நின்று ஏறினார். "ஏற்றம் அல்லவா, மூச்சு வாங்குகின்றது" என்றார். ஏற்றம் அதே ஏற்றந்தானே! இரவில் தலையணை இரண்டு வைத்துப் படுத்தார். கால் வீங்கிற்று, அட்டை கடித்ததாயிருக்கும் என்றார். நாங்களும், வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். மறுநாள் பறிப்பிற்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்ற அச்சமே அவர் காதை அடைத்திருந்தது. எங்கள் காதை அடைக்கும் காரணம் ஒன்றும் இல்லை. ஆயினும் நாங்களும் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டு முன்பனிக் காலத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இதயம் நெடுநாளாகவே தளர்ந்திருந்தது என்றார் மருத்துவர். "இந்த அம்மாளின் உடம்பு ஓராண்டாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்குமே, வீட்டில் எவரும் கவனிக்கவில்லையா?" என்று கேட்டார். அதற்கு நாங்கள் விடை சொல்லவில்லை. பதினோராம் நாள் அன்னையார் மறைந்தார்.

அந்த வினாவையே இன்று உங்கள் முன் கொண்டுவந்திருக்கின்றோம்.

எமக்கும் இதே குறை உண்டு. இரவுப் பணியில் மீண்டும் மீண்டும் நா உலர்ந்தபோது தேநீரை ஊற்றி அதனை அடக்கினோம். பாதம் மரத்தபோது நாற்காலியைக் குறை கூறினோம். அன்னையார் மறைந்த பின்னரே சென்று பரிசோதித்துக்கொண்டோம். சர்க்கரை நோய் உள்ளே குடிபுகுந்து நாளாகியிருந்தது.

பெட்டிமுடி

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நேர்ந்ததை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பகலெல்லாம் உழைத்து உறங்கியவர்கள் மேல் மலை சரிந்தது. நம்மவர் 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்த அவ்விடத்திலிருந்து செய்தி வெளியே வந்ததே மறுநாட் காலையில்தான். மலையின் குரலை அவர்கள் கேட்கவில்லை என்று எவரேனும் சொல்வாராயின், அது பெரும்பிழை. லயம் எங்கே கட்டப்பட வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. மலையைக் கேட்கும் கடமை அதன் அடியிற் படுத்துறங்குவோர்க்கு மட்டும் உரியதன்று. அங்கே அவர்களைக் குடியமர்த்துவோர்க்கும், மழையளவைக் குறித்துவைப்போர்க்கும், எச்சரிக்கை விடும் பொறுப்புடையோர்க்கும் உரியது. 2024ஆம் ஆண்டு ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் அதே துயரம் பன்மடங்காகத் திரும்பி வந்ததை நினையுங்கள்.

பெட்டிமுடியில் குவி என்னும் நாய் ஒன்று இருந்தது. தன்னோடு விளையாடிய சிறு குழந்தையைத் தேடி அது நாட்கணக்கில் அலைந்தது. முடிவில் ஆற்றோரம் ஓரிடத்தில் நின்று நீரையே நோக்கிற்று; அங்கேதான் அக்குழந்தையின் உடல் கிடைத்தது. அந்த நாய்க்கு எந்தத் தத்துவமும் தெரியாது. அன்பு கொண்ட ஓர் உயிரின் மெய் முழுவதும் காதாகவும் மூக்காகவும் ஆகிவிடுகின்றது என்பதை அது நமக்குக் காட்டிற்று.

பிறர் மெய்யைக் கேட்டல்

ஆகவே, தனியே ஒரு பாறைமேல் அமர்ந்து கண்ணை மூடிக் கேட்பதோடு இந்நெறி முடிந்துவிடுவதில்லை. அது தொடக்கமே. தன் மெய்யைக் கேட்கப் பழகியவன் அடுத்தவர் மெய்யைக் கேட்கத் தொடங்க வேண்டும். வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியவர் வள்ளலார். அவர் 1867ஆம் ஆண்டு வடலூரில் முதலில் ஏற்றியது அடுப்பு. சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய தீ இன்றும் அணையாமல் எரிகின்றது. ஞானசபை அதற்குப் பின்னரே வந்தது. பசி என்பது மெய் எழுப்பும் முதற் குரல். அதனைக் கேளாத காது வேறு எந்த ஒலியைக் கேட்டும் பயனில்லை என்பதே அச்செயலின் பொருளாக நமக்குத் தோன்றுகின்றது.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் பெண்கள் மூணாற்றுச் சாலையில் வந்து அமர்ந்ததையும் இவ்வாறே காண வேண்டும். 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு, எந்தத் தலைவரையும் முன்னிறுத்தாமல் நின்று, 20 விழுக்காடு போனஸ் பெற்றனர். அவர்கள் பேசியவற்றுள் கூலிக் கணக்கும் இருந்தது. இடுப்பு வலியும் முதுகு வலியும் இருந்தன. அதுகாறும் ஒவ்வொரு லயத்திலும் தனித்தனியே முனகிக்கொண்டிருந்த வலி, அன்று ஒரு குரலாகத் தெருவில் கேட்டது.

செய்யத்தக்கவை

நாம் முனிவர்கள் அல்லோம். வீட்டையும் வேலையையும் விட்டுக் குகை தேடிச் செல்ல இயலாது. ஆயினும் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நாள்தோறும் ஒதுக்குவது எவர்க்கும் இயலும். விடியற்காலையில் வாயிற்படியில் அமருங்கள். முதலில் தொலைவிலுள்ள ஒலியைக் கேளுங்கள்; முதிரப்புழை ஆற்றின் ஓசை, குருவியின் ஓசை, இலையிற் சொட்டும் பனியின் ஓசை. பிறகு மூச்சைக் கவனியுங்கள். மூச்சு உட்செல்லும்போது நெஞ்சத் துடிப்பு சிறிது விரையும், வெளிவரும்போது தணியும். அதனால் மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடுங்கள். இறுதியாகப் பாதம் முதல் தலைவரை எங்கே வலி, எங்கே இறுக்கம், எங்கே மரப்பு என்று ஒவ்வோர் உறுப்பையும் வினவுங்கள். வினவியபின் விடையைக் கேளுங்கள். வலி இருந்தால் அதனைத் தியானத்தால் விரட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மருத்துவரிடம் செல்லுங்கள். கேட்டறிந்தும் செய்யாதிருத்தல் கேளாமையினும் கொடிது.

நம் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. ஆண்டு விழாவிற்கு முந்தைய நாள் ஒவ்வோர் ஆண்டும் கொழுந்து பறிக்கும் தாய்மார்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்துக. அந்நாளின் கூலியிழப்பைச் சங்கமே ஈடு செய்க. இது முதலாவது. மழைக்காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் ஓடையையும் மழையளவையும் கவனித்துச் சொல்ல இருவரை அமர்த்துக. முதியோர் அறிந்த குறிகளை நம் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். இது இரண்டாவது. மூன்றாவதற்குப் பணம் வேண்டாம். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், உங்கள் தாயாரையோ மனைவியையோ கணவரையோ அருகில் அமர்த்தி, "உடம்பு எப்படி இருக்கின்றது?" என்று கேளுங்கள். "நன்றாயிருக்கின்றது" என்ற விடை உடனே வரும். அதோடு எழுந்துவிடாதீர்கள். இன்னும் சிறிது நேரம் அங்கேயே இருங்கள்.

1940ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் இதே பள்ளிவாசலில்தான் கேரள நிலத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. மலைமேலிருந்து விழுந்த நீர் தொலைவிலுள்ள ஊர்கட்கெல்லாம் ஒளியாகச் சென்றது. நம் தாய்மார் பறித்த கொழுந்தும் தொலைவிலுள்ளோர்க்கெல்லாம் புத்துணர்ச்சியாகச் சென்றது. கொடுத்த இம்மலையையும் கொடுத்த அம்மெய்களையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

குறிஞ்சி இனி 2030ஆம் ஆண்டு பூக்க வேண்டும். எங்கள் அன்னையார் அதனைக் காண இரார். இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் தாய்மார் அனைவரும் அன்று மலைமேல் நின்று அதனைக் காண வேண்டும். அதற்கு வேண்டுவன செய்வோம் என்று இம்மேடையில் உறுதி கொள்வோம்.